காலண்டர் தாளும் கல்யாணப் பத்திரிகையும்

என் மகள் பிறந்த நாளின் காலண்டர் தாள் என்னிடம் இருக்கிறது. அம்மா கிழித்து வைத்தது. ஃபிளாஸ்கும் துணியும் எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஓடியவள், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அன்றைய தேதியைக் கிழித்து மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முன்பக்கம் தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அச்சில் இருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் அம்மாவின் கையெழுத்து: "விடியக்காலை 5.40. பொம்பளப் பிள்ள. 2 கிலோ 900. நல்ல மழை."

அதே சமயத்தில் நான் பத்திரப்படுத்த நினைத்த இன்னொன்றும் உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேன் படம். பிள்ளையின் நெற்றியும் மூக்கும் பக்கவாட்டில் தெரிந்த படம். காலத்துக்கும் இருக்கட்டும் என்று ஒரு லேமினேஷன் கடையில் கொடுத்தேன். இயந்திரத்தின் ஒரு பக்கம் படமாகப் போனது, மறுபக்கம் முழுக் கறுப்பாக வெளியே வந்தது. கடைக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஸ்கேன் படம் அச்சாவது வெப்பம் பட்டால் கறுக்கும் தாளில். சூடான உருளைக்குள் போனால் வேறு என்ன ஆகும்? அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். இன்று இந்தப் பதிவை எழுதும்போதும் மனசு கனக்கத்தான் செய்கிறது.

இந்த இரண்டையும் எதிரெதிரே ஒட்டியதுதான் என் முதல் ஸ்கிராப் புக்கின் முதல் பக்கம். கறுத்துப்போன அட்டைக்குக் கீழே, அந்தப் படத்தில் என்ன தெரிந்தது என்று நினைவிலிருந்து எழுதினேன். நெற்றி மேடாக இருந்தது, வலது கை முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது, "சப்பை மூக்கு, அப்படியே உங்க அப்பா" என்று அம்மா சொன்னது. என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நோட்டில் அவள் அதிகம் திருப்பிப் பார்க்கும் பக்கம் அதுதான்.

ஸ்கிராப் புக் என்றால் நிறையப் பேருக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம் வரும். கடையில் தலைவர்கள் சார்ட், மிருகங்கள் சார்ட் வாங்கி, கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டி, கீழே பெயர் எழுதி மிஸ்ஸிடம் காட்டுவோமே, அது. நான் சொல்வது அதன் அக்கா. நம் வீட்டுக்குள் நடந்ததை, அந்த நேரத்தில் கையில் இருந்த தாளோடும் படத்தோடும் எழுத்தோடும் சேர்த்து ஒரு நோட்டில் ஒட்டி வைப்பது. எங்கள் வீட்டில் இதற்கு 'ஒட்டு நோட்டு' என்று பெயர்.

ஆரம்பிக்கலாம் என்று நினைத்து ஆன்லைனில் தேடியபோது பயந்துவிட்டேன். பூப்போட்ட தாள் ஒரு கட்டு, மினுக்கு ஸ்டிக்கர், ஓரம் வெட்டும் கத்தரி, துளை போடும் கருவி, தனி ஆல்பம். கூடையில் போட்டுக் கூட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைப் பணத்தில் பாதி. நான் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு வரும் சம்பளம் வாடகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் சரியாக இருக்கும். கூடையைக் காலி செய்துவிட்டுப் படுத்தேன்.

பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கின் கதையைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இன்று இது பெரிய வியாபாரம். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மாரிலென் கிறிஸ்டென்சன் என்ற குடும்பத் தலைவி. 1980-இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் தன் குடும்ப ஆல்பங்களைக் கொண்டுபோய் வைத்தார். ஐம்பதுக்கும் மேலான தொகுதிகள். ஆபீஸில் கோப்பு வைக்கிற மாதிரியான வளைய ஃபைலும் பிளாஸ்டிக் உறையும்தான் அவர் பயன்படுத்தியவை. பார்த்தவர்கள் எல்லாரும் எப்படிச் செய்தீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதால்தான் அடுத்த ஆண்டு கடையே திறந்தார். முதலில் நோட்டு வந்தது, கடை பிறகுதான் வந்தது. இதைப் படித்ததும் எனக்கு இருந்த தயக்கம் போய்விட்டது.

அன்றே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். மாதம் நூறு ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. எட்டு வருஷமாக அதே நூறுதான்.

நூறு ரூபாயில் என்ன வாங்க முடியும் என்பதைவிட, எதை வாங்க வேண்டியதே இல்லை என்பதைச் சொல்கிறேன். நான் இருப்பது சாத்தூர். பக்கத்து ஊர் சிவகாசி. இந்தியாவின் பல மூலைகளுக்கும் காலண்டரும் டைரியும் அச்சாகிப் போகிற ஊர். ஆனால் இதற்காக நீங்கள் சிவகாசிக்கு வர வேண்டியதில்லை. சிவகாசி ஏற்கனவே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பீரோவுக்கு மேலே, சாமி அலமாரிக்கு அடியில் கல்யாணப் பத்திரிகைகளாக இருக்கிறது.

நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகையை யாரும் குப்பையில் போடுவதில்லை. முகப்பில் பிள்ளையாரோ குலதெய்வமோ இருப்பார். மஞ்சள் தடவியிருக்கும். எப்படிப் போடுவது? அதனால் சேர்ந்துகொண்டே போகும். அதைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். நல்ல கனமான அட்டை, தங்க ஃபாயில், மேடாகத் தெரியும் மயில், வெல்வெட் துணி, கயிறு, குஞ்சம். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் கேட்ட சாமானெல்லாம் இதில் இருக்கிறது. சாமி படத்தைத் தனியாக வெட்டி எடுத்து ஒரு உறையில் போட்டு வைத்துவிடுவேன், அதில் கத்தரி படாது. மீதி அட்டை பக்கத்துக்குப் பின்னணி. உள்தாளில் இருக்கும் பெயர்களை மட்டும் வெட்டாமல் அப்படியே ஒட்டுவேன். 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே எத்தனை பெரியப்பா, எத்தனை அத்தை! அதில் பாதிப் பேர் இன்று இல்லை. ஒரு குடும்பத்தின் உறவுமுறை வரிசை அச்சில் பதிவாவது அநேகமாக அங்கே ஒரு இடத்தில்தான்.

அடுத்தது தினசரிக் காலண்டரின் பின் அட்டை. வருஷம் முடிந்து தாளெல்லாம் போன பிறகு மிஞ்சும் அந்தக் கெட்டி அட்டை, நோட்டுக்கு மேலட்டையாகப் போட அளவெடுத்த மாதிரி இருக்கும். டிசம்பர் கடைசியில் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தால் பத்து அட்டை சேர்ந்துவிடும். புதுச்சட்டை வரும் பெட்டி, சட்டைக்குள் இருக்கும் அட்டை, புடவைக் கடைப் பெட்டி எல்லாமே உதவும். டெய்லர் அக்காவிடம் கேட்டால் ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய பட்டுத் துண்டுகளை ஒரு பை நிறையத் தருவார். ஓரத்தை நெளிநெளியாக வெட்டுகிற ஜிக்ஜாக் கத்தரி அவரிடமே இருக்கிறது. நான் போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் வெட்டிக்கொண்டு வருவேன். பதிலுக்கு அவருடைய கடை வரவுசெலவை மாதம் ஒருமுறை கூட்டிக் கொடுக்கிறேன்.

காசு அதிகம் போகிற இடம் ஃபோட்டோ பிரிண்ட். போனில் ஆறாயிரம் படம் இருக்கும், ஒன்றுகூடத் தாளில் இருக்காது. போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு. எங்கள் ஊர் ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸ், அதாவது ஆறுக்கு நாலு அங்குலம், ஒரு பிரிண்ட் 15 ரூபாய். நான் போனிலேயே நாலு படத்தை ஒரே சட்டத்துக்குள் அடுக்கி, அதை ஒரு படமாகக் கொடுத்துவிடுவேன். வெட்டினால் மூன்றுக்கு இரண்டு அங்குலத்தில் நாலு படம். முகம் தெரிய அந்த அளவு போதும். என் முதல் நோட்டின் கணக்கு இன்னும் இருக்கிறது: பைண்டிங் 60, பசைக்குச்சி 40, ஜெராக்ஸ் 30, பிரிண்ட் 14-க்கு 210. மொத்தம் 340 ரூபாய். அந்த 14 பிரிண்டில் 41 படங்கள் இருக்கின்றன. ஐந்து படம்தான் முழு அளவு.

பசை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நோட்டு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒட்டுவது ஒரு தொல்லை என்று அந்தக் காலத்திலேயே நினைத்திருக்கிறார் எழுத்தாளர் மார்க் ட்வைன். பக்கத்திலேயே கோந்துக் கோடு போட்டு, ஈரம் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப் புக்குக்கு 1873-இல் காப்புரிமை வாங்கினார். எனக்கு மைதாப் பசை போதும். ஒரு ஸ்பூன் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிண்ட வேண்டும். வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி ஆறவிட்டால் பசை தயார். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் போடுவார்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். அது விஷம், பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள். தாளுக்கும் நல்லதில்லை. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள், இரண்டு நாள் தாண்டினால் புளித்துவிடும். பெவிகால் என்றால் விரலால் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். அதிகம் வைத்தால் தாள் அலை அலையாக நெளியும். எதை ஒட்டினாலும் மேலே அரிசி டின்னை ஒரு ராத்திரி வைத்துவிடுவேன்.

ஃபோட்டோவுக்கு மட்டும் பசையே கூடாது. பழைய கவரின் நாலு மூலையையும் முக்கோணமாக வெட்டினால், படத்தின் மூலையில் மாட்டுகிற சின்னத் தொப்பிகள் கிடைக்கும். தொப்பியைத்தான் ஒட்ட வேண்டும், படத்தை அல்ல. நாளைக்குப் படத்தை வெளியே எடுத்துப் பின்பக்கம் படிக்கலாம், பிரதி எடுக்கலாம். நம் கல்யாண ஆல்பங்கள் பலவற்றில், பக்கம் முழுக்கப் பசையும் மேலே பிளாஸ்டிக் தாளும் இருக்குமே, அதில் மாட்டிய படங்களைக் காப்பாற்றுவது பெரும்பாடு. பசை மஞ்சளாகி இறுகியிருக்கும், பிய்த்தால் படமும் வரும். தையல் நூலை இரண்டு கையிலும் விறைப்பாகப் பிடித்து, படத்துக்கு அடியில் மெதுவாக அறுத்துக்கொண்டே போங்கள். பொறுமையாகச் செய்தால் வந்துவிடும். அம்மாவின் கல்யாணப் படங்கள் இருபத்திரண்டை அப்படித்தான் மீட்டேன். வராமல் முரண்டு பிடித்த மூன்றை ஆல்பத்திலேயே வைத்துப் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

ஸ்கேன் படத்தில் பட்ட அடியால் நான் தெரிந்துகொண்டது இன்னொன்று. இப்போதைய பஸ் மெஷின் டிக்கெட், ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பில், சூப்பர் மார்க்கெட் பில் எல்லாமே அதே வெப்பத் தாள்தான். நோட்டில் ஒட்டினால் சில வருஷத்தில் வெள்ளைத் தாளாக நிற்கும். கையில் வந்த வாரமே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், இரண்டு ரூபாய்தான். செய்தித்தாளும் அப்படியே. அதில் மரத்தின் லிக்னின் அகற்றப்படாமல் இருப்பதால் வெயிலும் காற்றும் பட்டு மஞ்சளாகி நொறுங்கும், ஒட்டிய பக்கத்தையும் கறையாக்கும். மகள் பிறந்த அன்றைய பேப்பரின் முதல் பக்கத்தை நான் ஏ4 தாளில் சின்னதாக்கி எடுத்தேன். அந்தத் தாள் கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்தது என்று சொன்னபோது, மகள் அதை மோந்து பார்த்தாள். அதையும் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி அப்பாவின் பெட்டி.

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவர் டிரங்குப் பெட்டியின் அடியில் விற்காத டிக்கெட் கட்டுகள் நாலு கிடந்தன. ரோஸ், பச்சை, மஞ்சள், வெள்ளை. நாம் ஊதினால் பறக்கிற அந்த மெல்லிய தாள். கட்டியிருந்த ரப்பர் பேண்டு உருகி, மேலே இருந்த இருபது முப்பது டிக்கெட்டோடு ஒட்டிப் பாழாகியிருந்தது. குண்டூசி குத்திய இடம் துருவேறி ஓட்டையாகியிருந்தது. (பழைய தாள் எதுவாக இருந்தாலும் முதல் வேலையாக ரப்பர் பேண்டு, குண்டூசி, ஸ்டேப்ளர் பின் மூன்றையும் எடுத்துவிட்டு நூலால் கட்டுங்கள்.) மிச்சம் இருந்த டிக்கெட்டுகளை விசிறி மாதிரி அடுக்கி ஒட்டி, நடுவில் அப்பா தோள்பையோடு நிற்கும் படத்தை வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ குறைந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கடைசி டிரிப்பு முடிஞ்சு வந்தா உங்கப்பா விரல் நுனியெல்லாம் கலர் கலரா இருக்கும்டி. எச்சில் தொட்டுத் தொட்டுக் கிழிப்பாருல்ல. அந்தக் கையோட சோறு சாப்பிட விடமாட்டேன். சோப்பு போட்டுக் கழுவிட்டு வான்னு விரட்டுவேன்."

எனக்கு அது தெரியவே தெரியாது. முப்பது வருஷம் அவர் மகளாக இருந்தும் அந்த விரல் நுனியை நான் பார்த்ததில்லை. நான் தூங்கிய பிறகுதானே வருவார். அம்மா சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே படத்துக்குக் கீழே எழுதினேன். இப்போது அந்தப் பக்கத்தில் குறை இல்லை.

ஒட்டு நோட்டில் எழுத்துக்குத்தான் முதல் இடம், அலங்காரம் அதற்குப் பிறகுதான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். எத்தனையோ வீடுகளில் அழகான ஆல்பங்களைப் பார்த்திருக்கிறேன். "இது யாருங்க?" என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த பாட்டி போன வருஷம்தான் போயிருப்பார். படத்துக்குப் பின்னால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று மூன்று வார்த்தை எழுதியிருந்தால் போதும். எங்கள் சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பெயர் போன ஊர். அந்த ஊர்க்காரி என்பதால் மை பேனாவில் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே சாதாரண மை கரைந்து பரவிவிடும். நோட்டில் பால்பாயிண்ட், படத்தின் முதுகில் பென்சில் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை ஏதோ மேல்நாட்டுப் பழக்கம் என்று சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எங்கள் அம்மாச்சி பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும். பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, முடிந்ததும் காலிகோ துணி போட்டு பைண்டு செய்து வைப்பாள். 'பொன்னியின் செல்வன்' 1950-இலிருந்து 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்தபோது, மணியம் வரைந்த படங்களோடு அப்படித் தொகுத்து வைத்த வீடுகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அம்மாச்சியின் தொகுப்புகளில் எனக்குப் பிடித்தது கதைக்கு நடுவே மாட்டிக்கொண்ட சோப்பு விளம்பரமும், ஓரத்தில் அவள் எழுதி வைத்த பால் கணக்கும்.

ரோஜா முத்தையா செட்டியாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். புத்தகங்களோடு நின்றுவிடாமல், மற்றவர்கள் தூக்கிப்போடுகிற நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பை அடித்தளமாக வைத்து 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். நாம் நூலகம் அமைக்கப் போவதில்லை. ஆனால் நம் வீட்டுத் தாளுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சேர்த்ததைக் காப்பாற்றுவது பற்றி இரண்டு வார்த்தை. மைதாப் பசை என்றாலே ராமபாணப் பூச்சிக்கு விருந்து. நோட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூடி வைக்க வேண்டும். அலமாரியில் இரண்டு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன், ஓலைச்சுவடிக்குப் பெரியவர்கள் பயன்படுத்தியதுதான். மாதம் ஒருமுறை நோட்டை எடுத்து எல்லாப் பக்கத்தையும் புரட்டுங்கள். பூச்சிக்குப் பிடிக்காதது மனிதக் கை படுவதுதான். எங்கள் வீட்டில் மகளே அந்த வேலையைச் செய்துவிடுகிறாள். பரணில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கிற சூடு தாளுக்கு எமன்.

என்னிடம் இப்போது ஆறு ஒட்டு நோட்டு இருக்கிறது. ஏழாவதை மகள் ஆரம்பித்திருக்கிறாள். முதல் பக்கத்தில் மிட்டாய்த் தாள், இரண்டாம் பக்கத்தில் அவள் தோழி எழுதிக் கொடுத்த 'சாரி' சீட்டு. எதற்காகச் சண்டை, யார் முதலில் பேசியது என்று அவள் பக்கம் நிறைய எழுதியிருக்கிறாள். நான் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது கசக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் இன்று உங்கள் வீட்டில் என்ன சமையல், யார் வந்தார்கள், அம்மாவோ பிள்ளையோ என்ன சொன்னார்கள் என்று நாலு வரி எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நோட்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம்.